இரண்டு பூட்டும் ஒரு பீலியும்

எங்கள் ஆய்வுத் துறையில் என்னிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்கள். கூட்டம் என்றால் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுவைப்பார்கள். ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்திய பீடாதிபதி, என் காதருகே குனிந்து "நலமாக இருங்கள்" என்று கத்தினார். கையில் ஒலிவாங்கி இருந்ததை மறந்துவிட்டார். பின்வரிசையில் கண்ணயர்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்து கைதட்டினார்கள்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இதை இத்தனை காலம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இப்போது சொல்வதற்குக் காரணம் நிரோஷா. துறையின் இளம் விரிவுரையாளர். ஆய்வில் பங்கேற்கிறவர்களின் தகவல்களை எப்படிப் பாதுகாப்பது என்று அண்மையில் ஒரு பயிற்சி நடத்தினார். பழைய ஆள் என்று என்னையும் அழைத்திருந்தார். கடவுச்சொல்லில் ஒரு எண்ணும் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தால் மனிதர்களின் இரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று தெரிந்துகொண்டேன். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, உரத்த குரலில், "ஒங்க காலத்துல கம்ப்யூட்டரே இல்லையே சேர், இதெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க? நம்ம ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க" என்றார். அவர் கேட்டது மண்டபத்துக்கே கேட்டது. எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பேனாவைச் சட்டைப் பையில் செருகிய முதல் ஆள் நான். படித்தேன், பரீட்சை எழுதினேன், தேறினேன், ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் துணி மடித்தேன். படிப்புக்கும் துணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடாது. எழுபதுகளின் கடைசியில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிதில், கொழும்பிலிருந்து ஆய்வுக்கு வரும் ஒரு பேராசிரியருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால் துறையில் நிரந்தரப் பதவி என்றார்கள். அப்பா அதை ஒரே நாளில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் அத்தனைக்கும் அறிவித்துவிட்டார். பிறகு நான் எப்படித் தோற்பது?

பேராசிரியரின் ஆய்வு ஒன்றல்ல, நான்கு. தொழிலாளர்களின் மனநலம், அவர்களுக்குக் கிடைக்கும் மருத்துவம், நிர்வாகத்தின் ஒழுக்கநெறி, பெறப்படும் தகவல்களின் இரகசியம். நான்கையும் ஒரே நிதியில் கட்டியிருந்தார். தனித்தனியாகக் கேட்டிருந்தால் நான்கு பேர் மறுத்திருப்பார்கள். சேர்த்துக் கேட்டதால் யாருக்கும் புரியவில்லை, கொடுத்துவிட்டார்கள்.

அவர் நல்ல மனிதர். கெட்ட வார்த்தை பேசமாட்டார், யாரையும் அதட்டமாட்டார். எதற்கும் அனுமதி கேட்பார். காலியான நாற்காலியில் உட்காருவதற்கும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து "அமரலாமா?" என்பார். ஜீப்பில் தூங்கும் சாரதியைத் தட்டி எழுப்பி, "உங்களை எழுப்பலாமா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. சிக்கலான கேள்வி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரும்ப மாட்டும்போது கேள்வி இருக்காது. ஆங்கிலத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். நானுஓயாவுக்கும் பட்டிப்பொலைக்கும் இடைப்பட்ட மலைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையை அவர் எனக்கு மனப்பாடமாக்கினார். முதலில் உறுதிமொழி வாசிக்க வேண்டும்: "நீங்கள் சொல்வது எங்களைத் தவிர வேறு எவர் காதுக்கும் போகாது." பிறகு கதவைச் சாத்த வேண்டும். டேப் ரெக்கோடரைச் சமதளமான ஒரு பரப்பில் வைக்க வேண்டும். கையில் பிடிக்கக்கூடாது, கை நடுங்கினால் விஞ்ஞானமும் நடுங்கும். எதையும் எழுதிக்கொள்ளக்கூடாது. எழுதுவதைப் பார்த்தால் மக்கள் பயப்படுவார்களாம். பதிந்த நாடாவை அங்கே போட்டுக் கேட்கவும் கூடாது, பற்றரி வீணாகும். நாடாவில் பெயருக்குப் பதிலாக இரகசியக் குறியீடு எழுத வேண்டும். அந்தக் குறியீடு லயத்து இலக்கமும், அதிலுள்ள ஒற்றை அறை வீடான காம்பராவின் இலக்கமும். ஏழாம் லயம் நாலாம் காம்பரா என்றால் 7-4. தபால்காரரும் அதே குறியீட்டைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

நாடாக்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பேராசிரியரிடம். மற்றது, ஆய்வோடு சம்பந்தப்படாத, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. பேராசிரியர் நெடுநேரம் யோசித்து, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கொடுத்தார். பெட்டி துரையின் பங்களாவில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அட்டைக்கடிக்குப் பயந்து பேராசிரியரும் பெரும்பாலும் அங்கேயே இருந்தார்.

முதல் பேட்டி லயத்தில். நான் போய் உட்கார்ந்தது முனியாண்டி ஐயாவின் காம்பரா. கதவைச் சாத்தினேன். ஒரு பலகைப்பெட்டியில் ரெக்கோடரை வைத்தேன். கொழும்பில் யாரோ மொழிபெயர்த்துத் தந்த கேள்வியை வாசித்தேன். "கடந்த ஒரு மாதத்தில் காரணமற்ற துயரம் உங்களை ஆட்கொண்டதுண்டா?"

"என்னா தம்பி கேக்குறீங்க?"

"ஒரு காரணமும் இல்லாம மனசு கஷ்டமா இருந்துச்சாங்க?"

அவர் யோசிக்கத் தொடங்கினார். சுவருக்கு மேலாகப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "காரணம் இல்லாமயா? நான் சொல்றேன் தம்பி. மகள ராகலைக்குக் கட்டிக் குடுத்தாரு, அது தீவாளிக்குக்கூட வரல."

அதற்கும் அடுத்த காம்பராவிலிருந்து இன்னொரு குரல்: "வந்தா மட்டும் இந்த மனுசன் வாயத் தொறந்து பேசவா போறாரு?"

"தூக்கம் வருதாங்க?" என்று நான் இரகசியமாகக் கேட்டேன்.

"எங்க தூங்குறாரு? இருமி இருமி எங்களையும் தூங்க விடறதில்ல," என்றது முதல் சுவர்.

முனியாண்டி ஐயா எனக்காக வருந்தினார். "அவுங்ககிட்டயே கேட்டுக்குங்க தம்பி. எனக்குத் தெரிஞ்சதவிட அவுங்களுக்குத்தான் நல்லாத் தெரியுது."

அன்று மாலை பேராசிரியரிடம் சொன்னேன். "கதவைச் சாத்தினாயா?" என்றார்.

"சாத்தினேன் சேர். சுவர் கூரை வரைக்கும் இல்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கட்டடக் கலையின் பிரச்சினை. நம்முடைய நான்கு துறைகளில் அது இல்லை."

அடுத்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இடம் மாறினோம். அங்கே மருந்து கொடுக்கிறவர் டிஸ்பென்சர். தோட்டம் அவரை டொக்டர் ஐயா என்றே அழைக்கும், அவரும் மறுக்கமாட்டார். தன் அறையையே பேட்டிக்கு ஒதுக்கிக் கொடுத்தார். இரகசியம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவரே காவல் நின்றார். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்து ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஒரு கொறையும் இல்லீங்க, டொக்டர் ஐயா நல்லா பாத்துக்குறாங்க." நிர்வாகம் எப்படி என்ற கேள்விக்கும் அதே பதில். பேராசிரியருக்குப் பெரும் மகிழ்ச்சி. இந்த நாட்டிலேயே மனக்கவலை இல்லாத மக்களைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்.

அப்படிப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தவர்களில் ஒருவர், முற்றத்தில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். கொழுந்தெடுக்கிறவர், முப்பது வயதிருக்கும். பாக்கியம் அக்கா என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் அல்ல. ஏழாம் லயமும் நாலாம் காம்பராவும்கூட அவருடையவை அல்ல.

"மாஸ்டர், நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறீங்களா, இல்ல கேட்டுட்டுப் போயிருவீங்களா?"

"நெசமாத்தான் அக்கா."

"அப்ப பீலிக்கு வாங்க. வேல விட்டு நாங்க தண்ணி புடிக்கையில."

என் முகம் மாறியதை அவர் பார்த்திருக்க வேண்டும். மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாயில் கட்டி, ஆள் உயரத்திலிருந்து சிமெந்துத் தரையில் விழவிட்டிருப்பதுதான் பீலி. பெண்கள் நிற்கிற நேரத்தில் ஆண்கள் அங்கே நிற்கமாட்டார்கள். இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அங்கே ஏன் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு அவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. லயத்தில் பேச முடியாததை எல்லாம் அங்கேதான் பேசுகிறார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒருத்தி வாயும் இன்னொருத்தி காதும் ஒட்டினால்தான் பேச்சு கேட்கும். மூன்றாவது ஆளுக்குக் கேட்காது.

போனேன். ஒரு கையில் குடை, மறு கையில் ரெக்கோடர், முகம் மலைப்பக்கம். வரவேற்பு பலமாக இருந்தது.

"மாஸ்டருக்குக் கொடம் எங்க?"

"குளிக்க வந்திருப்பாரு, சவுக்காரத்த மறந்துட்டாரு போல."

"அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னா கேள்விய மலைகிட்டயா கேப்பீங்க?"

நடைமுறையில் நான் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. உறுதிமொழியை வாசித்தேன். சாத்துவதற்குக் கதவு இல்லாததால் குடையை விரித்தேன். சமதளமான பரப்பு என்று தேடியதில் அங்கே இருந்தது ஒன்றே ஒன்று, துணி துவைக்கிற கல். தண்ணீர் விழும் இடத்தை ஒட்டினாற்போல் இருந்தது. பொலித்தீன் பையில் சுற்றி ரெக்கோடரை அதில் வைத்தேன். ஒவ்வொருவராக வந்து என் காதில் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த கேள்விகளை நான் கேட்கவே தேவைப்படவில்லை.

கடைசியாகப் பாக்கியம் அக்கா வந்தார். மற்றவர்களைத் தன் குரலால் அல்ல, கண்ணால் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது, அவர் அதை எடுக்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும்.

அவர் சொன்னதை எழுதமாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்லலாம்: அந்த ஆஸ்பத்திரியில், அவருடைய உடம்பில், அவரைக் கேட்காமல் ஒன்று செய்திருந்தார்கள். அது செய்யப்பட்டது அவர் கணவருக்குத் தெரியாது. அந்த மனிதர் ஒன்றை வேண்டிக்கொண்டு கோயில் கோயிலாக நடந்துகொண்டிருந்தார். அது நடக்காது என்று இவருக்குத் தெரியும். இது துரை காதுக்குப் போனால் மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்திலேயே, கணவர் காதுக்கும் போய்விடும்.

"யாருகிட்டயும் போகாதுன்னு படிச்சீங்களே மாஸ்டர், அது நெசந்தானே?" என்று முடிவில் கேட்டார்.

"பெட்டிக்கு ரெண்டு பூட்டு போட்டிருக்கோம் அக்கா," என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு.

ஆஸ்பத்திரித் திண்ணையிலிருந்து பார்த்தால் பீலி தெரியும். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்ததையும், ஒருவர் மட்டும் நெடுநேரம் பேசியதையும், நான் தலையாட்டிக்கொண்டே கேட்டதையும் டொக்டர் ஐயா அங்கிருந்து பார்த்திருக்கிறார். தன் மருந்து அலமாரியைவிட மற்ற எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்கிறவர் அவர். துரையிடம் போய், கொழும்பு ஆட்கள் தோட்டத்தின் மேல் முறைப்பாடு சேர்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் துரை எங்களை மாலைத் தேநீருக்குக் கூப்பிட்டார். பேராசிரியர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார் என்பதால், கூப்பிட்டது என்னைத்தான். எனக்கு உட்கார நாற்காலி இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை.

துரை மரியாதையாகத்தான் கேட்டார். "அந்த 7-4 நாடாவை ஒருமுறை கேட்கலாமா பேராசிரியர்?" என்றார்.

"வேறு எவர் காதுக்கும் போகாது என்பது எங்கள் உறுதி," என்றார் பேராசிரியர். என் நெஞ்சு நிமிர்ந்தது.

"தங்க வீடு தந்தோம். சாப்பாடு, ஜீப்புக்குப் பெற்றோல், பெட்டிக்கு இடம், எல்லாம் தந்தோம். நாங்கள் வேறு எவரோவா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிதானமாகத் துடைத்தார். "தத்துவரீதியாகப் பார்த்தால், நீங்கள் இந்த ஆய்வின் பங்காளி. பங்காளியை வேறு எவர் என்று சொல்வதுதான் ஒழுக்கக்கேடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா?"

கேட்கும்போதே சாவியை எடுத்துவிட்டார்.

"இருக்கிறது சேர். அவர்களிடம் வாசித்துக் காட்டியிருக்கிறோம்," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு துரையின் முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம் அது. குரல் எலிக்குரலாக வந்தது.

"நாம் அதைக் கேட்கப் போவதில்லை. ஒலிப்பதிவின் தரத்தைச் சரிபார்க்கப் போகிறோம். இரண்டும் வேறு."

அவருடைய சாவியும் துரையின் சாவியும் சேர்ந்து, இரண்டு பூட்டும் மிக ஒழுங்காகத் திறந்தன. நாடாவை ரெக்கோடரில் போட்டார்கள். துரை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பெட்டிக்கு ரெண்டு பூட்டு என்று நான் சொன்னபோது பாக்கியம் அக்காவின் முகத்தில் வந்த நிம்மதிதான் எனக்கு நினைவில் நின்றது. ஓடிவிடலாம் போலிருந்தது. பொத்தானை அமுக்கினார்கள்.

தண்ணீர் விழுந்தது.

சற்றுப் பொறுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் தொடர்ந்து விழுந்தது. துரை சத்தத்தைக் கூட்டினார், தண்ணீர் இன்னும் பலமாக விழுந்தது. நாடாவை முன்னால் ஓட்டிப் போட்டார்; அங்கேயும் மலையே இறங்கி வந்ததுபோல் விழுந்துகொண்டிருந்தது. குசினியிலிருந்து சமையற்காரர் துணியும் கையுமாக ஓடி வந்தார்.

"தொரை, எங்கிட்டுங்க கொழா ஒடஞ்சிருச்சு?"

அவர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

பேராசிரியர் நாடாவை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி உள்ளே போட்டார். விஞ்ஞானம் அவருக்கு அப்படி ஒரு துரோகம் அதற்கு முன் செய்ததில்லை. துரைதான் சீக்கிரம் சுதாரித்தவர். இந்த அறையில் இன்னொரு ஒலிப்பதிவுக் கருவி நிற்கிறது என்பது அவர் நினைவுக்கு வந்தது. என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். துரைமார் பேசுகிற தமிழ்.

"தம்பி, அந்தப் பொம்பளை என்னா சொன்னது?"

எனக்கு வாய்க்கவிருந்த பதவி, அப்பா லயம் லயமாகச் சொன்ன செய்தி, ஹட்டனில் மடிக்கக் காத்திருந்த துணி, எல்லாம் அந்த மேசைமேல் தேநீர்க் கோப்பைகளோடு இருந்தன.

"கேக்கலீங்க தொரை," என்றேன்.

"என்னா கேக்கல?"

"பீலிச் சத்தத்துல எனக்கு ஒன்னுமே கேக்கலீங்க."

"அரை மணி நேரம் தலையை ஆட்டிக்கிட்டு நின்னது யாரு?"

"மரியாதைக்கு ஆட்டினேங்க."

துரை என்னை நெடுநேரம் பார்த்தார். நான் என் முகத்தை எவ்வளவு மந்தமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு மந்தமாக வைத்துக்கொண்டேன். படித்த ஆளுக்கு அது சுலபமல்ல என்று நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். மிகச் சுலபமாக வந்தது.

பேராசிரியர் என் பக்கம் குனிந்தார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. "தம்பி," என்றார், மிகச் சத்தமாக. "உனக்குக் காது மந்தமா?"

"கொஞ்சம் சேர்."

"முன்பே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டது எனக்குக் கேட்டிருக்காது சேர்."

அதை அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அறிக்கையின் அடிக்குறிப்பில், சில பதிவுகள் பயனற்றுப் போனதற்கு மொழிபெயர்ப்பாளரின் கேள்திறன் குறைபாடே காரணம் என்று எழுதினார். கூரையைத் தொடாத சுவரைப் பற்றியும் திரைக்குப் பின்னால் நின்ற டொக்டர் ஐயாவைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தோட்டத்து மக்கள் மனக்கவலை அற்றவர்கள் என்ற முடிவு நன்றாகவே வரவேற்கப்பட்டது.

பதவி போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அதற்கப்புறம் நிறுவன ஒழுக்கம் பற்றி அவர் எங்கே சொற்பொழிவாற்றினாலும், காது கேளாத ஒரு தோட்டத்து இளைஞனுக்குத் தன் துறையில் நிரந்தர வேலை கொடுத்ததை உதாரணம் காட்டுவார். உதாரணம் மேடைக்குக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். துறைக்காக ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்தபோது என் காதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். அதை யாரும் வாசிக்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. நான் கேட்கிறவன் என்று தெரிந்தால், அன்றைக்கு என்ன கேட்டேன் என்ற கேள்வி மறுபடி வரும். பேராசிரியர் இன்று இல்லை. துரையும் இல்லை. பாக்கியம் அக்கா குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா போய்விட்டதாக எண்பதுகளில் கேள்விப்பட்டேன்.

நிரோஷா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எங்கள் காலத்தில் எல்லாம் இருந்தது. உறுதிமொழி இருந்தது, குறியீடு இருந்தது, இரண்டு பூட்டு இருந்தது. அவற்றால் ஒன்றும் காப்பாற்றப்படவில்லை.

பங்களாவிலிருந்து இறங்கிய மறுநாள் நாங்கள் மூட்டை கட்டினோம். புறப்படுமுன் பீலிப் பக்கம் போனேன். ரெக்கோடரைக் கொண்டுபோகவில்லை. என்னைக் கண்டதும் பெண்களின் கேலி அன்று எழவில்லை. விஷயம் எனக்கு முன்பே வந்துசேர்ந்திருந்தது. பாக்கியம் அக்கா மட்டும் தண்ணீரிலிருந்து தள்ளி வந்தார்.

"பங்களாவுக்குக் கூப்புட்டாங்களாமே, மாஸ்டர்."

"கூப்புட்டாங்க அக்கா."

"பொட்டியத் தொறந்தாங்களா?"

"தொறந்தாங்க. தண்ணிச் சத்தந்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஒங்ககிட்ட கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க. எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை.  பிறகு காலிக் குடத்தைக் கொண்டுபோய்ப் பீலிக்குக் கீழே வைத்தார். தண்ணீர் அதில் விழ ஆரம்பித்தது. பக்கத்தில் வரச்சொல்லித் தலையசைத்தார்.

"அப்ப, அன்னைக்குச் சொல்லாம விட்டது ஒன்னு இருக்கு," என்றார். "கேளுங்க."